நாலரை மணி நேரமும் உப்பின் விலையும்

எங்கள் கல்லூரியில் கடைசி வருட ப்ராஜெக்ட் செய்வது என்றால் நாகர்கோவிலுக்கு பஸ் ஏறுவது என்று அர்த்தம். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய மாடிகளில் அதற்கென்றே கடைகள் இருந்தன. படியேறிப் போனால் ஒரு பட்டியல் தருவார்கள். தலைப்பைக் காட்டிப் பணம் கட்டிவிட்டு வந்தால் பதினைந்து நாளில் சி.டி., கறுப்பு அட்டையில் தங்க எழுத்து போட்ட ரிப்போர்ட், வைவாவில் கேட்கக்கூடிய கேள்விகள், அவற்றுக்கான பதில்கள் எல்லாம் ஒரே கவரில் வந்துவிடும். மருத்துவமனை நிர்வாகம், வங்கி நிர்வாகம், நூலக நிர்வாகம். டிபார்ட்மென்ட் அலமாரியில் நான் மூன்று வருடத்து நூலக நிர்வாக ரிப்போர்ட்டுகளைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். மூன்றிலும் ஒரே வாசகர் ஒரே புத்தகத்தைத் திருப்பித் தராமல் வைத்திருந்தார்.

எனக்கு இதில் பெரிய கொள்கை எதிர்ப்பு ஒன்றும் கிடையாது. ஆனால் என் கையில் ஏற்கெனவே ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நானே எழுதியது, ராவும் பகலும் பதினொரு நாட்டுக்காரர்கள் திறந்து பார்த்தது. அதை விட்டுவிட்டு வேறொருவரின் மருத்துவமனையை என் பெயரில் நடத்த மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

விஷயம் ஒரு விளையாட்டில் தொடங்கியது. கல்ஃபில் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்த அண்ணன், லீவில் வந்தபோது வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டரும் டெலிபோன் லைனில் இன்டர்நெட்டும் போட்டுக் கொடுத்துவிட்டு, கூடவே அந்த விளையாட்டையும் காட்டிவிட்டுப் போனான். சுடுவது, வெட்டுவது ஒன்றும் அதில் இல்லை. ஆளுக்கொரு தீவு. தீவில் தொழில் நடத்த வேண்டும்: உப்பளம், மரமறுக்கும் மில், ரொட்டிக்கடை, படகு கட்டும் தளம். ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு பசி. உப்பளத்துக்கு ஆள் வேண்டும், ஆளுக்கு ரொட்டி வேண்டும், ரொட்டிக்கு மாவு, மாவு வர படகு, படகுக்கு மரம். எங்காவது ஒன்று தீர்ந்தால் வரிசையாக எல்லாம் படுத்துவிடும். படுத்தால் வேலைக்காரர்கள் பக்கத்துத் தீவுக்கு ஓடிவிடுவார்கள். நாம் கல்லூரியில் தூங்கி வழிந்துகொண்டிருக்கும்போதும் அங்கே ரொட்டி தீர்ந்துகொண்டேதான் இருக்கும்.

இருபத்து மூன்று தீவுகள் சேர்ந்து எங்கள் கம்பெனி. நான், அண்ணன், திற்பரப்பிலிருந்து கல்லூரிக்கு வரும் என் தோழி, மற்ற எல்லாரும் வெளிநாடு. கம்பெனிக்குத் தலைவி போலந்தில் ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் ஒரு அக்கா. அவள் இங்கிலீஷும் என் இங்கிலீஷைப் போலவே நொண்டும். அதனால் நாங்கள் நன்றாகப் புரிந்துகொண்டோம்.

இருபத்து மூன்று தீவின் பசியை யார் கணக்கு வைப்பது? முதலில் நான் நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன். அப்புறம் ஒரு வெப் பக்கம் எழுதினேன். ஒவ்வொருவரும் தன் தீவின் பக்கத்தை முழுசாகக் காப்பி எடுத்து என் பக்கத்திலிருந்த பெட்டியில் ஒட்டினால் போதும். அதில் எங்கே உப்பு, எங்கே ரொட்டி என்று என் நிரல் தேடி எடுத்து, யாருடைய எந்தத் தொழில் எவ்வளவு நேரத்தில் நிற்கும் என்று ஒரு அட்டவணை போடும். நிறைய நேரம் இருந்தால் பச்சை, குறைந்தால் மஞ்சள், அவசரம் என்றால் சிவப்பு. நவம்பரில் எழுதத் தொடங்கினேன். கிறிஸ்துமஸ் லீவில் கேரல் பாடப் போகாமல் எழுதினேன். முதல் பதிப்பு ரொட்டியை மரம் என்று படித்தது. இரண்டாவது பதிப்பு அண்ணனின் தீவை மட்டும் காணவில்லை என்று சாதித்தது. மூன்றாவது ஓடியது. அது ஓடிய சாயங்காலம் நான் முற்றத்தில் போய் சும்மா இரண்டு தடவை குதித்துவிட்டு வந்தேன்.

அதில் எனக்கு ரொம்பப் பெருமையான ஒரு யோசனை இருந்தது. பதினொரு நாட்டில் பதினொரு மணி. 'மூன்று மணிக்கு அனுப்பு' என்று சொன்னால் யாருடைய மூன்று மணி? அதனால் என் பக்கம் மணியே சொல்லாது. மிச்ச நேரம் மட்டும் சொல்லும். இன்னும் இரண்டு மணி நேரம் பத்து நிமிடம் என்றால் பிரேசிலிலும் அதுதான், எங்கள் மணவாளக்குறிச்சியிலும் அதுதான். விளையாட்டின் கடிகாரம் ஐரோப்பாவில் ஓடியது. நமக்குப் பகல் பன்னிரண்டரை என்றால் அங்கே காலை எட்டு. நாலரை மணி நேர வித்தியாசம். நவம்பரில் பார்த்தேன், நாலரை. ஜனவரியில் பார்த்தேன், நாலரை. மாறாத ஒன்றை அப்படியே எழுதி வைப்பதில் என்ன தப்பு? நிரலில் நாலரை என்று எழுதினேன். தேவைப்பட்ட இடத்திலெல்லாம் எழுதினேன். பதினாறு இடத்தில்.

இதைத்தான் ப்ராஜெக்டாகக் கொடுக்கப்போகிறேன் என்று சொன்னதும் தோழி பஸ்ஸில் எழுந்தே நின்றுவிட்டாள். ப்ராஜெக்ட் இரண்டு பேர் சேர்ந்து செய்வது. என் தலை உருண்டால் அவள் தலையும் உருளும்.

"ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா? எல்லாவனும் போய் வாங்குதான். நம்மளும் ஒரு ஆஸ்பத்திரிய வாங்கிட்டு மரியாதையா பாஸாவுவோம்."

"ஆஸ்பத்திரிய வாங்கிட்டு வைவால என்ன சொல்லுவ?"

"அதுக்குத்தான் கேள்வி பதிலும் தாறாவல்லா."

"எனக்கு மனப்பாடம் வராது மக்கா."

"எனக்கு ஒன்னயத் தவிர வேற ஆள் வராது. அதான் எனக்க தலையெழுத்து," என்று உட்கார்ந்தாள். அவள் சம்மதிக்கும் விதம் அது.

துறைத் தலைவி மேடம் அவ்வளவு சீக்கிரம் சம்மதிக்கவில்லை. என் அட்டவணையின் பிரிண்டை மேசை மேல் வைத்து, உப்பளம், ரொட்டிக்கடை என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தார்.

"இந்த உப்பளம் எங்கேம்மா இருக்கு?"

"கேம்ல, மேடம்."

"ரொட்டிக்கடை?"

"அதுவும் கேம்லதான்."

கண்ணாடியைக் கழற்றினார். "இல்லாத கடைக்கு ஸ்டாக் எடுக்கிறதுக்கு ஒரு சாஃப்ட்வேர். வெளியிலிருந்து எக்ஸாமினர் வருவார். இது யாருக்கு உபயோகம்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

"நிறையப் பேர் உபயோகிக்காங்க மேடம்."

"நீ சொல்றே. அவங்க சொல்லட்டும். உன் ஃப்ரெண்டைத் தவிர பத்துப் பேர், இதை நம்பித்தான் நாங்க இருக்கோம்னு எழுத்துல கொடுக்கட்டும். திங்கட்கிழமை கடைசி ரிவ்யூ. அன்னைக்கு அது என் மேசையில இல்லைன்னா வேற ப்ராஜெக்ட்டுக்கு வழி பாருங்க. அதுக்குத்தான் கடை இருக்கே." அவருக்கும் எல்லாம் தெரிந்துதான் இருந்தது.

விளையாட்டில் எங்கள் கம்பெனிக்கென்று இருந்த செய்திப் பலகையில் போய் எழுதினேன். பத்துக் கடிதம் வேண்டும், இல்லாவிட்டால் என் பக்கம் குப்பைக்குப் போகும், ஐந்து மாத உழைப்பும் போகும். அக்கா உடனே எழுதித் தருகிறேன் என்றாள். மற்றவர்கள் பாதிப் பேர் பதிலே சொல்லவில்லை. படத்தில் நீண்ட தாடியோடு இருக்கும் ஒருவர் மட்டும் வெளிப்படையாக எழுதினார்: உன் பக்கம் அழகாக இருக்கிறது, ஆனால் அதை நம்பித்தான் நாங்கள் இருக்கிறோமா என்பது ஞாயிற்றுக்கிழமை தெரியும். துறைமுகம் கிடைத்தால் எழுதுகிறேன். பின்னாலேயே வரிசையாக 'நானும்', 'நானும்' என்று விழுந்தது.

துறைமுகம் என்பது அந்த விளையாட்டில் வருடத்துக்கு ஒருமுறை வரும் பெரிய ஆர்டர். கேட்ட சரக்கைக் கேட்ட நேரத்துக்குள் எந்தக் கம்பெனி கொண்டு சேர்க்கிறதோ, துறைமுகம் அதற்கு. அந்த வருடம் கேட்ட சரக்கு என்ன தெரியுமா? கருவாடு. இருபது கப்பல் கருவாடு. ஞாயிறு பகல் விளையாட்டுக் கடிகாரத்தில் பன்னிரண்டு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். அதாவது நமக்கு நாலரை மணி. கப்பல் போக இரண்டு மணி நேரம். ஆக, இரண்டரைக்குள் எல்லாக் கப்பலும் கிளம்ப வேண்டும். ஆனால் சீக்கிரமும் கிளம்பக் கூடாது. கடைசி வரைக்கும் தயாரித்தால்தான் கப்பல் நிறையும். இருபத்து மூன்று பேரும் என் பக்கத்தின் மிச்ச நேரத்தைப் பார்த்து, அது சிவப்பானதும் ஆளுக்கொரு கப்பல் அனுப்புவதாக ஏற்பாடு.

அம்மா இதைக் கேட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கரையில காயிற கருவாட்ட ஒரு நாள் திருப்பிப் போட வரமாட்டா. அங்க இருவது கப்பல் அனுப்புதாளாம்."

அந்த ஞாயிறு குருத்தோலை ஞாயிறு. எங்கள் கரையில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். வள்ளங்களெல்லாம் மணலில் ஏறிக் கிடக்கும். ஊர் முழுக்க ஓலையோடு பவனியில் நிற்கும். எங்கள் ஏரியாவுக்கு அப்போது தினமும் பகல் ஒன்றிலிருந்து மூன்று மணி வரை கரண்ட் கட். அதற்கும் வழி செய்து வைத்திருந்தேன். என் பாஸ்வேர்டு அண்ணனிடம் இருந்தது. அங்கே லீவு வெள்ளிக்கிழமைதான், ஞாயிறு வேலை நாள். கிடங்கில் உட்கார்ந்தபடியே தன் கப்பலையும் என் கப்பலையும் அவன் அனுப்பிவிடுவான். ஃபோன் பேசக் காசு ஆகும் என்பதால் எங்களுக்குள் மிஸ்டு கால் கணக்கு ஒன்று இருந்தது. ஒன்று விட்டால், கூப்பிடு. இரண்டு விட்டால், சொன்னதை உடனே செய். மூன்று விட்டால், ஜெயித்தாயிற்று. மூன்றை நாங்கள் அதுவரை உபயோகித்ததில்லை.

பூசை முடிந்து, பவனி முடிந்து, வழியில் நின்று பேசுகிற அம்மாவை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது மணி பன்னிரண்டு ஐம்பது. கையில் ஓலையோடு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். கரண்ட் போவதற்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்துவிடலாம் என்று.

பலகையில் போலந்து அக்காவின் செய்தி இருந்தது. 'உன் பக்கத்தில் மிச்ச நேரம் சரிதானா? எனக்குக் கணக்கு உதைக்கிறது. ஒருவேளை நான் இன்னும் தூக்கத்தில் இருக்கிறேனோ என்னவோ. இன்று எங்களுக்கு ஒரு மணி நேரத் தூக்கம் போயிற்றே.'

தூக்கம் எப்படிப் போகும்? விளையாட்டுப் பக்கத்தின் மூலையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது இருபத்திரண்டு. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. விரல் விட்டு எண்ணினேன். மூன்றரை. மறுபடி எண்ணினேன். மூன்றரைதான்.

'எங்கே போயிற்று ஒரு மணி நேரம்?' என்று எழுதினேன்.

'தள்ளி வைத்தாயிற்று. மார்ச் கடைசி ஞாயிறு. ஐரோப்பா முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவோம். உங்கள் ஊரில் செய்யமாட்டீர்களா?'

எங்கள் ஊரில்! குளிரானாலும் மழையானாலும் சூரியன் ஒரே நேரத்தில் வந்து ஒரே நேரத்தில் கடலுக்குள் இறங்கும் ஊரில்! ஒரு கண்டம் முழுக்க மனிதர்கள் ஒரே நாள் கூடிக் கடிகார முள்ளைத் திருகுவார்கள் என்று எனக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? நான் கத்திய கத்தில் வாசலில் நின்ற அப்பா உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்ன பிள்ளே?"

"வெள்ளக்காரன் மணிய மாத்திட்டாம்ப்பா!"

அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "மாத்தினா மாத்திட்டுப் போறான். நமக்க மணி ஓடுதுல்லா?"

அதுதான் பிரச்சினை. நம்ம மணிதான் ஓடிக்கொண்டிருந்தது. என் பக்கம் 'கிளம்ப இன்னும் ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம்' என்று பச்சை நிறத்தில் நிம்மதியாகச் சொல்லிக்கொண்டிருந்தது. உண்மையில் இருந்தது முப்பத்தைந்து நிமிடம். அதை நம்பி ஒருத்தர் நாயை நடத்திக்கொண்டிருப்பார், ஒருத்தர் அலாரம் வைத்துத் தூங்கிக்கொண்டிருப்பார். பலகையில் எழுதினால் எத்தனை பேர் பார்ப்பார்கள்? எல்லாரும் பார்ப்பது அந்த அட்டவணையை மட்டும்தான். அது சிவப்பானால் ஒழிய யாரும் அசையமாட்டார்கள். அப்படித்தானே பழக்கி வைத்திருந்தேன்.

நிரலைத் திறந்தேன். கரண்ட் போனது. ஒரு மணிக்குப் போக வேண்டியது ஐந்து நிமிடம் முன்னாலேயே போய்விட்டது. மேசைக்கு அடியில் யு.பி.எஸ். கீக் கீக் என்று கத்தத் தொடங்கியது. பத்து நிமிடம் தாங்கும், புதிதாக இருந்தால். அது புதிது கிடையாது.

பதினாறு இடம். ஒவ்வொன்றாகத் தேட நேரமில்லை. எல்லா 4.5-ஐயும் 3.5 ஆக்கு என்று ஒரே அடியாகக் கட்டளை கொடுத்தேன். பதினேழு இடத்தில் மாற்றியாயிற்று என்று பதில் வந்தது. பதினாறுதானே என்று மண்டைக்குள் ஒரு பல்லி கத்தியது. கேட்க நேரமில்லை. ஃபைலை ஏற்ற ஆரம்பித்தேன். டெலிபோன் லைன் நத்தை. பாதி ஏறியது. முக்கால் ஏறியது.

"ஓலையக் கீழ போட்டுருக்கியே, காலு படும், எடு பிள்ளே," என்றாள் அம்மா.

எடுத்து மானிட்டர் மேல் வைத்தேன். திரை அணைந்தது. யு.பி.எஸ். கடைசியாக ஒரு நீண்ட கீச்சுப் போட்டுவிட்டு அடங்கியது.

ஏறியதா, இல்லையா?

தோழியை ஃபோனில் பிடித்தேன். அவர்கள் பக்கம் கரண்ட் கட் வேறு நேரம். ஆனால் அவள் டேட்டா கார்டுக்கு மாடி ஜன்னலில் மட்டும்தான் சிக்னல்.

"ஏட்டி, நம்ம பக்கத்தத் திற."

"நான் சோறு உண்ணுகேன். கப்பக்கிழங்கும் மீனும்."

"கையக் கழுவாம ஓடு. இப்பவே."

ஃபோனில் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டது. மூச்சு கேட்டது. எங்கோ ஒரு நாற்காலி விழுந்தது.

"என்னட்டி, சொல்லு!"

"நில்லு, வருவு... எம்மா! செவப்பு! எல்லாம் செவந்து கிடக்கு மக்கா! இருவத்தஞ்சு நிமிஷம்ணு காட்டுது. என்ன செய்து வச்ச?"

"அப்பறம் சொல்லேன். ஒனக்க கப்பல அனுப்பு. அனுப்பிட்டு யாரு யாரு போறாவன்னு வாசி."

அவள் வாசித்தாள். என் வாழ்க்கையில் நான் கேட்ட எந்த கிரிக்கெட் வர்ணனையும் அதற்கு ஈடில்லை. "எனக்கது போயிட்டு. ஒண்ணு. அக்கா போயாச்சு, ரெண்டு. ஒங்க அண்ணனுக்கது மூணு. அந்தத் தாடிக்காரன் நாலு. சவம், இவன் பேரு வாயில நொழைய மாட்டேங்கு, அஞ்சு..." நான் இருட்டான திரைக்கு முன்னால் உட்கார்ந்து, ஓலையின் நுனியைக் கிழித்துக் கிழித்து எண்ணினேன். அம்மா சாப்பாட்டுத் தட்டோடு வந்து நின்றவள், போகாமல் அப்படியே நின்றுவிட்டாள்.

"எத்தன ஆச்சு?" என்றாள்.

"பதினாறு."

"இருவது வேணும்லா?"

பதினேழு. பதினெட்டு. பத்தொன்பது. அதோடு நின்றது. பிரேசில்காரர்கள் இரண்டு பேருக்கு அங்கே விடியவே இல்லை, பழைய நேரத்துக்கு அலாரம் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கனடாக்காரனும் அப்படியே. இன்னும் ஆறு நிமிடம்.

"மிச்சம் ஒனக்க கப்பல்தான் நிக்கு," என்றாள் தோழி. "ஒனக்க அண்ணன் அவனுக்கத மட்டும் அனுப்பிட்டு எங்கயோ எந்திச்சுப் போயிட்டான்."

தோழியின் லைனைத் துண்டித்துவிட்டு அண்ணனுக்கு ஒரு ரிங் விட்டேன், கட் செய்தேன். இரண்டாவது விட்டேன், கட் செய்தேன். காத்திருந்தேன். அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் அந்தச் சின்ன ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடலுக்குப் போன வள்ளம் திரும்பாத நாளில்தான் எங்கள் வீட்டில் அப்படி ஒரு அமைதி இருக்கும்.

தோழி கூப்பிட்டாள். எடுத்ததும் காது கிழிந்தது. "போயிட்டு! இருவது! போயிட்டூ!" பின்னணியில் அவளுடைய அப்பா, யாருக்குக் கல்யாணம் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மணியாகப் போகும்போது அண்ணன் கூப்பிட்டான். "சாயா குடிக்கப் போனேன்டி, மொதலாளி கூடவே வந்துட்டான். ரெண்டு மிஸ்டு காலு பாத்ததும் கிளாஸ வச்சுட்டு ஓடி வந்தேன். அது கிடக்கட்டும், உப்பு வெல என்ன திடீர்னு கொறஞ்சுட்டு? மூணரை காட்டுது. வாங்கிப் போடட்டா?"

பதினேழாவது இடம் அதுதான். உப்பின் விலை. பக்கத்தின் ஓரத்தில் நாலரைக் காசு என்று எழுதி வைத்திருந்ததை நான் ஒரே அடியில் மூன்றரை ஆக்கியிருந்தேன். "தொடாதண்ணா, அது எனக்க தப்பு," என்று சொல்லி முடிப்பதற்குள் எங்கள் ஊர் மணல் கம்பெனியின் இரண்டு மணிச் சங்கு ஊதியது. எனக்கு ஊதியது போலிருந்தது. சோறு அப்படி ருசித்ததில்லை.

மூன்று மணிக்குக் கரண்ட் வந்தது. மூன்றரைக்குத் துறைமுகத்தின் கொடிக்கம்பத்தில் எங்கள் கம்பெனியின் கொடி ஏறியது. போட்டிக் கம்பெனி ஒன்றின் கப்பல்கள், அதற்குள் வந்திருக்க வேண்டியவை, அப்போதுதான் நடுக்கடலில் மிதந்துகொண்டிருந்தன. அவர்களுக்குள்ளும் என்னைப் போல ஒரு வெயில் ஊர்க்காரர் இருந்திருப்பார் போல. பலகையில் பாட்டும் கூத்தும் ஓடியது. தாடிக்காரர் எழுதினார்: 'நான் சமையலில் இருந்தேன். பக்கம் சிவந்ததும் அடுப்பை அணைக்காமல் ஓடிவந்து அனுப்பினேன். என் சாப்பாடு கருகிவிட்டது. உன் ஆசிரியருக்கு எத்தனை பக்கம் எழுத வேண்டும்?'

பத்துதான் கேட்டேன். திங்கட்கிழமை காலை இன்டர்நெட் சென்டரில் பிரிண்ட் எடுத்தபோது பத்தொன்பது கடிதம் இருந்தது. தூங்கிப்போன பிரேசில்காரர்கள் இரண்டு பேரும்கூட, சிவப்பைப் பார்க்காமல் போனதற்கு மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தார்கள். பாதிக் கடிதம் 'உங்கள் மாணவர் மிகத் திறமையான இளைஞன்' என்று தொடங்கியது. ஆணா பெண்ணா என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

மேடம் பத்தொன்பதையும் படித்தார். கருகிய சாப்பாட்டுக் கடிதத்தை மட்டும் இரண்டு தடவை படித்தார்.

"யாரும்மா இந்த இளைஞன்?"

"நாந்தான் மேடம்."

தோழி பக்கத்தில் நின்று சிரிப்பை அடக்க இருமினாள். மேடம் சிரிக்கவில்லை, ஆனால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்ததோ அதை ஒண்ணு விடாம டெஸ்டிங் சாப்டர்ல எழுது. ஒண்ணு விடாம," என்றார். தலைப்புக்கு நேரே கையெழுத்துப் போட்டார்.

வைவா மே மாத வெயிலில் நடந்தது. வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் வயதானவர், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு முன்னால் போனவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கறுப்பு அட்டையோடு வெளியே வந்தார்கள். எல்லாரிடமும் அவர் ஒரே கேள்விதான் கேட்டாராம்: 'உன் ப்ராஜெக்ட்டில் ஒரு குறை சொல்லு.' கவரில் வந்த கேள்வித்தாளில் அது இல்லை. ஒருவன் 'குறையே இல்லை சார்' என்றிருக்கிறான். இன்னொருவன் அழவே ஆரம்பித்துவிட்டான்.

எங்களிடம் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ரிப்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே போனவர் ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு முன்பக்கத்துக்குப் போனார். மறுபடி பின்னுக்கு வந்தார்.

"மூணாவது சாப்டர் படத்துல உப்பு நாலரை. அஞ்சாவது சாப்டர் படத்துல உப்பு மூணரை. ஏன்?"

தோழி மேசைக்கு அடியில் என் கையைக் கிள்ளினாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு படத்தையும் ஒட்டிய நான் அதைக் கவனிக்கவே இல்லை. சொன்னேன். குருத்தோலை ஞாயிறு, தள்ளி வைத்த கடிகாரம், யு.பி.எஸ்., ஒரே அடியில் மாற்றியது, பதினாறுக்குப் பதில் பதினேழு, சாயா குடிக்கப் போன அண்ணன். சொல்லச் சொல்ல வேகம் கூடியது. நிறுத்த முடியவில்லை. பாதியில் தோழியும் புகுந்து, அவள் கப்பையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடியதைச் சொன்னாள். மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

எக்ஸாமினர் கடைசி வரை கேட்டார். "சரி. அக்டோபர்ல அவங்க கடிகாரத்தைத் திரும்பப் பின்னால வைப்பாங்க. அப்போ?"

"கடைசி ஞாயிறு, சார். எழுதி வச்சாச்சு. அதுவா மாறிக்கிடும்."

"அந்த நாலரை இப்போ எத்தனை இடத்துல இருக்கு?"

"ஒரே இடத்துல, சார்."

அப்போதுதான் அவர் சிரித்தார். பேனாவைத் திறந்துகொண்டே மேடத்தைப் பார்த்து, "காலையிலிருந்து இப்பத்தான் ஒரு தப்பு கண்ணுல பட்டிருக்கு மேடம்," என்றார். மார்க்கை எழுதிவிட்டு, தாளைத் திருப்பிக் கவிழ்த்து வைக்காமல், எங்களுக்குத் தெரியும்படியே வைத்தார்.

வராந்தாவில் வந்து தோழி என்னை ஒரு தள்ளு தள்ளினாள். "கொள்ளாம்ட்டி. ஆஸ்பத்திரி வாங்கியிருந்தா இப்ப அங்கயே படுத்துருப்போம்."

நான் ஃபோனை எடுத்து அண்ணனுக்கு அடித்தேன். ஒன்று. கட். இரண்டு. கட். மூன்று. கட்.

அரை நிமிடத்தில் அவன் கூப்பிட்டான். எடுத்ததும் வாழ்த்தும் இல்லை, வணக்கமும் இல்லை.

"சொல்லு, உப்பு என்ன வெல?"

"நாலரைதாண்ணா," என்றேன். "இனி மாறாது."